இலைக்கஞ்சி, மீனெண்ணெய், வார்ஃபரின்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு ஓர் ஆண்டு – நிகழ்வு ஆய்வு

நோயாளியினதும் குடும்பத்தினதும் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான் அவர்களுடைய குடும்ப வைத்தியர். இதய நிபுணரின் முடிவுகளை அவர் எழுதித் தந்தபடியே குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி

வெள்ளவத்தையில் மகள் குடும்பத்தோடு வசிக்கும் 68 வயதுப் பெண். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அயலில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். இங்கேயும் அப்படியே அழைக்கிறேன். மகன் கனடாவில். ரீச்சருக்குப் பத்து வருடங்களுக்கு மேலாகப் பிரஷர், ஆறேழு வருடமாக நீரிழிவு. லொசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைட், மெட்ஃபோர்மின், அடோர்வாஸ்டட்டின் எடுத்து வந்தார். 'இதயத்துக்கு நல்லது' என்று எப்போதோ தொடங்கிய 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் தொடர்ந்தது. மாரடைப்போ இதய நாள அடைப்போ இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் விரதம், ஐப்பசியில் கந்தசஷ்டி. மற்ற நாட்களில் மீன் சாப்பிடுவார். காலையில் வல்லாரையோ முருங்கையிலையோ போட்ட இலைக்கஞ்சி, மத்தியானம் ஒரு கீரைக்கறி அல்லது வறை. இந்தக் கீரைப் பழக்கத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் நடந்தவற்றில் பெரும்பங்கு இதைச் சுற்றியே நடந்தது.

முதலில் கண்டது

2025 ஜனவரியில், தைப்பொங்கல் முடிந்த பிறகு வந்தார். மூன்றாம் மாடி ஏறும்போது மூச்சு முட்டுகிறது, நெஞ்சுக்குள் படபடவென்று அடிக்கிறது என்றார். வீட்டுப் பிரஷர் மெஷினில் சில வாரங்களாக இதயக் குறியொன்று மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. பற்றரி பழுது என்று நினைத்து மகள் பற்றரியை மாற்றியிருக்கிறார். அந்தக் குறி, துடிப்பு ஒழுங்கில்லை என்று மெஷின் சொல்வது. அதைக் கண்டால் மெஷினைச் சந்தேகிக்காமல் ஈசிஜி எடுக்கவேண்டும்.

நாடி எந்த ஒழுங்குமின்றி ஓடியது. ஈசிஜியில் பி அலைகள் (இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் ஒழுங்காகத் துடிப்பதைக் காட்டுபவை) இல்லை, கீழறைகளான இதயவறைகளின் வேகம் நிமிடத்துக்கு 124. சோணையறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் இந்த நோய்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பிரஷர் 148/92. எடை 74 கிலோ, உயரம் 153 சென்ரிமீற்றர். தைரொயிட் சோதனையில் குறையில்லை, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தது. பொட்டாசியம் மட்டும் 3.2, குறைந்தது 3.5 இருக்கவேண்டும். இதய ஸ்கானான எக்கோவில் இடது சோணையறை சற்றுப் பெருத்திருந்தது, வால்வுகளில் பழுதில்லை. வால்வைப் பார்ப்பது நமது பகுதியில் மிக முக்கியம். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின்தான் மருந்து. 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு, வாதக் காய்ச்சல் வால்வு நோயாளிகளில் புதிய உறைதடுப்பு மருந்தான ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரினே நல்ல விளைவு தந்ததாகக் காட்டியது. ரீச்சருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

குடும்பத்தின் கேள்வி

மகன் வீடியோ அழைப்பில் இருந்தார். "டொக்டர், மூன்று மாதம் சாப்பாட்டாலும் சப்ளிமெண்டாலும் பார்த்துவிட்டு அப்புறம் குளிசை தொடங்கினால் என்ன? அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு கைப்பிடி குளிசை" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அம்மாவின் மேல் உள்ள அக்கறையில் வந்தது, அவர் நிறைய வாசித்தும் இருந்தார்.

இந்த நோயில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாக வருகின்றன என்பதை அன்று நேரம் எடுத்து விளக்கினேன். ஒன்று, துடிப்பின் வேகமும் ஒழுங்கும். மற்றது, ஒழுங்காகச் சுருங்காத சோணையறையில், குறிப்பாக இடப்பக்கத்துச் சிறு பையில், இரத்தம் தேங்கிக் கட்டியாவது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எடை, உப்பு, நடை, உறக்கம் எல்லாம் முதல் பிரச்சினைக்கு உண்மையாகவே உதவும், ஆனால் மாதக்கணக்காகும். கட்டியோ அவ்வளவு நாள் காத்திருக்காது. எந்த உணவும் எந்தச் சப்ளிமெண்டும் அதைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை.

ஆபத்தை அளக்கும் சாட்ஸ்-வாஸ்க் கணக்கில் ரீச்சருக்கு வயதுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, பெண் என்பதற்கு ஒன்று. 2024 ஐரோப்பிய வழிகாட்டல் பால் வேறுபாட்டை நீக்கிவிட்டது, அதன்படி 3. இரண்டோ அதற்கு மேலோ வந்தால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. கணித ரீச்சர் அல்லவா, தாளைத் தன் பக்கம் இழுத்துத் தானே கூட்டிப் பார்த்தார். பிறகு, "இருக்கிற ஆஸ்பிரின் காணாதா?" என்று கேட்டார்.

காணாது. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில் வார்ஃபரின் பொருந்தாத 5,599 பேருக்கு ஆஸ்பிரினோ, இன்னொரு புதிய உறைதடுப்பு மருந்தான அபிக்ஸபானோ கொடுக்கப்பட்டது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 3.7 வீதமானோருக்குப் பாரிசவாதம் அல்லது வேறிடத்தில் கட்டி அடைப்பு வந்தது, அபிக்ஸபானில் 1.6 வீதம். பெரிய இரத்தக்கசிவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது ஆஸ்பிரின், காவல் குறைவு, கசிவு ஆபத்து மட்டும் அதே அளவு. இதய நாள நோய் இல்லாத ரீச்சருக்கு அதை நிறுத்தினோம்.

எடுத்த முடிவுகள்

வேகத்தைக் குறைக்க பிசோப்ரோலோல் 2.5, பிறகு 5 மில்லிகிராம். பொட்டாசியத்தைக் குறைத்துக்கொண்டிருந்த ஹைட்ரோகுளோரோதயசைட்டை நிறுத்தி அம்லோடிபின் கொடுத்தோம். இந்த ஒரு மாற்றத்தோடும் சில நாள் பொட்டாசியச் சிரப்போடும் அளவு 4.1க்கு வந்தது. துடிப்புக் குழப்பத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் உண்மையிலேயே முக்கியமானவை. ஆனால் குறையும் காரணத்தை விட்டுவிட்டு மேலே மாத்திரை போடுவதில் பயன் குறைவு.

உறைதலைத் தடுக்க வார்ஃபரின். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அது இலவசம்; அபிக்ஸபானை மாதா மாதம் பாமசியில் வாங்கவேண்டும். மகள் வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்துத் தீர்மானித்தார்கள். வார்ஃபரின் நன்றாகக் கண்காணிக்கப்பட்டால் நல்ல மருந்துதான். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும், அவ்வளவே. குறைந்தால் காவல் போதாது, கூடினால் கசிவு ஆபத்து.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை

தொடக்கத்தில், 'கீரை சாப்பிடவே கூடாது' என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். ரீச்சர் சொன்ன சொல் தவறாதவர். இலைக்கஞ்சி, வறை, சம்பல் எல்லாவற்றையும் நிறுத்தினார். பெப்ரவரி நடுவில் ஐஎன்ஆர் 2.3. எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அறுபது வருடப் பழக்கத்தை எத்தனை நாள் கட்டிவைப்பது? மலச்சிக்கல் வந்தது, சாப்பாட்டில் ருசியில்லை என்றார். மார்ச்சில் மெல்ல இலைக்கஞ்சிக்குத் திரும்பினார், கிளினிக்கில் சொல்லவில்லை. ஏச்சு விழும் என்று பயம். ஐஎன்ஆர் 1.4. அங்கே அளவைக் கூட்டினார்கள்; கையிலிருந்த தகவலுக்கு அது சரியான முடிவு. ஏச்சு வாங்கியதும் ரீச்சர் மீண்டும் கீரையை விட்டார்.

வார்ஃபரின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த ஏற்ற இறக்கம் விளங்கும். ஈரல் சில உறைவுக் காரணிகளைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமின் மறுபடி பயன்படுவதைத் தடுக்கிறது. பச்சிலைகளில் வைட்டமின் கே ஏராளம். சமைத்த கீரை அரைக்கோப்பையே ஒரு நாள் தேவையைப் பலமடங்கு தாண்டக்கூடும். ஆகவே மருந்தின் அளவு, அவர் உண்ணும் கீரையின் அளவுக்கு ஏற்பத்தான் நிலைபெறும். தினமும் கீரை சாப்பிடுகிறவருக்குச் சற்றுக் கூடிய அளவு வார்ஃபரின் வேண்டியிருக்கலாம், அதில் தவறில்லை. ஒரு வாரம் உண்டு மறுவாரம் விடுவதுதான் ஆபத்து. சொல்லவேண்டியிருந்தது 'கீரை வேண்டாம்' அல்ல. 'எப்போதும் சாப்பிடுகிற அளவிலேயே சாப்பிடுங்கள், அதற்கேற்ப மருந்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பது.

ஏப்ரல் தொடக்கத்தில் கனடாவிலிருந்து பார்சல் வந்தது. மஞ்சள் சத்துக் கப்சூல், மக்னீசியம் மாத்திரை. மக்னீசியத்தால் வயிற்றோட்டம் வந்து, சில நாள் வெறும் சோற்றுக்கஞ்சியில் இருந்தார். முழங்கால் வலிக்குப் பாமசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போட்டார். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு விடியற்காலை மூக்கால் இரத்தம் வரத் தொடங்கி, அழுத்திப் பிடித்தும் அரைமணி நேரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐஎன்ஆர் 5.6. வார்ஃபரினை நிறுத்திவைத்து, சிறிய அளவு வைட்டமின் கே வாய்வழி கொடுத்து, ஓரிரவு வைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் குறையவில்லை, தலைவலியோ வேறு கசிவோ இல்லை.

மேசையில் வைத்த பை

வீடு வந்ததும், அலுமாரியில் உள்ள அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி மகளிடம் கேட்டேன். 'மருந்து' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்ற கேள்விக்கு முன்பெல்லாம் இல்லை என்றே பதில் வந்தது. ரீச்சரைப் பொறுத்தவரை அது உண்மையான பதில்தான்: மகன் அனுப்புவது சத்து, பாமசியில் வாங்கியது வலிக்கு, கடையில் வாங்கிய அரிஷ்டம் செரிமானத்துக்கு. அவருக்கு இவை எதுவும் மருந்து அல்ல.

பையில் இருந்தவற்றில் எனக்கு அதிகம் உறுத்தியது மீனெண்ணெய். நோய் வருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே நாளுக்கு நான்கு பெரிய கப்சூல்கள். போத்தலில் எழுதியிருந்தபடி கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 3 கிராம் ஒமேகா-3. இதயத்துக்கு நல்லது என்று மகன் அனுப்பியது. ஆனால் கூடிய அளவு ஒமேகா-3 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பல பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021இல் வந்த தொகுப்பாய்வில், நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 49 வீதம் அதிகம். ஒரு கிராமும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களுக்கு 12 வீதம். 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒமேகா-3 மருந்து எடுப்பவருக்கு இந்த நோய் வந்தால் அதை நிரந்தரமாக நிறுத்தச் சொன்னது. ரீச்சருக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பிரஷர், எடை, வயது என்று ஏற்கெனவே காரணங்கள் இருந்தன. ஆனாலும் தொடர்வதற்கு ஒரு நியாயமும் இல்லை. பாரையும் சூரையும் சாளையும் கறியாகச் சாப்பிடுவதற்கு இந்தத் தடை கிடையாது. அதைத் தனியாக எழுதிக் கொடுத்தேன், இல்லாவிட்டால் மீனும் நின்றுவிடும்.

மஞ்சள் கப்சூலும் அப்படியே. கறியில் போடும் மஞ்சளால் கவலையில்லை. செறிவாக்கிய சத்து வேறு விடயம்: வார்ஃபரின் எடுத்த ஒருவர் மஞ்சள் கப்சூல் தொடங்கிய சில வாரங்களில் ஐஎன்ஆர் 10ஐத் தாண்டியதாக நியூசிலாந்தின் மெட்சேஃப் 2018இல் எச்சரித்தது. மக்னீசியத்தை அளந்து பார்த்தோம், போதுமான அளவு இருந்தது; மாத்திரை நின்றது. நொதித்தலில் உண்டாகும் மதுசாரம் அரிஷ்டத்தில் இருப்பதால் அதுவும் வேண்டாம் என்றேன். டைக்ளோபெனக்குக்குப் பதில் பரசிற்றமோல், முழங்காலுக்குப் பயிற்சி.

மகன் அன்றிரவு என்னோடு நெடுநேரம் கதைத்தார். தான் அனுப்பியதால்தான் இப்படி ஆனதா என்ற வேதனை குரலில் இருந்தது. கப்சூல், கீரை, வயிற்றோட்டம், வலிக்குளிசை எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்துகொண்டன. எந்த ஒன்றையும் தனியாகப் பிடித்துச் சொல்ல முடியாது. இதை அவரிடம் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அதன் பின் எதை அனுப்புவதற்கு முன்னும் போத்தலைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்.

மருந்து மாற்றம்

மே மாதம் நிபுணரோடு கலந்து அபிக்ஸபானுக்கு மாறினோம். 18,201 பேரைக் கொண்ட அரிஸ்டாட்டில் ஆய்வு (2011), வார்ஃபரினோடு ஒப்பிடுகையில் அபிக்ஸபானில் பாரிசவாதமும் உடலில் வேறிடத்துக் கட்டி அடைப்பும் 21 வீதமும், பெரிய கசிவு 31 வீதமும் குறைவு என்று காட்டியது. கீரைக் கணக்கும் தேவையில்லை. மகன் மீனெண்ணெய்க்குச் செலவழித்த பணத்தை மருந்துக்குத் தருவதாகச் சொன்னதும் செலவுப் பிரச்சினை தீர்ந்தது.

ரிவரோக்ஸபானை ஏன் எடுக்கவில்லை என்று பிறகு சில வைத்திய நண்பர்கள் கேட்டார்கள். நாளுக்கு ஒரு தடவை என்பதால் அது வசதிதான். ஆனால் 15, 20 மில்லிகிராம் ரிவரோக்ஸபானைச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் விரதம் இருப்பவருக்கு அது பொருந்தாது. அபிக்ஸபானை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். விரத நாளிலும் காலை ஒன்று, இரவு ஒன்று, தண்ணீரோடு. மெட்ஃபோர்மினை மட்டும் அந்த நாட்களில் மாற்றியமைத்தோம். விரதத்தை விடச் சொல்லியிருந்தால் ரீச்சர் தலையாட்டியிருப்பார், பிறகு குளிசையைத்தான் விட்டிருப்பார் என்பது என் துணிபு.

வார்ஃபரினை நிறுத்தி, ஐஎன்ஆர் 2க்குக் கீழே வந்ததும் 5 மில்லிகிராம் இரு வேளை தொடங்கியது.

ஒழுங்குக்குத் திருப்புதல்

வேகம் கட்டுப்பட்டும் களைப்பு தீரவில்லை. நோய் கண்டு ஒரு வருடத்துக்குள் ஒழுங்குக்குத் திருப்ப முயல்வது நன்மை தரும் என்று ஈஸ்ட்-ஆஃப்நெட் 4 ஆய்வு (2020) காட்டியிருந்ததால், நிபுணர் மின்னதிர்ச்சி மூலம் துடிப்பைச் சீராக்கப் பரிந்துரைத்தார். அதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் ஒரு வேளையும் தவறாமல் உறைதடுப்பு மருந்து எடுத்திருக்கவேண்டும். ஐஎன்ஆர் ஆடிக்கொண்டிருந்த மாதங்களில் இது முடிந்திருக்காது. ஜூனில் சிறு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். முதல் அதிர்ச்சியிலேயே துடிப்பு ஒழுங்கானது. துடிப்பை ஒழுங்கில் வைக்கும் அமியோடரோன் பற்றியும் பேசப்பட்டது. தைரொயிட், நுரையீரல், ஈரல் மூன்றையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், தேவைப்பட்டால் பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்.

இரண்டு வாரத்தில் மகள் கேட்டார்: "இப்ப சரியாகிட்டுதே டொக்டர், இரத்தக் குளிசையை நிறுத்தலாமோ?" நிறுத்த முடியாது. ஆபத்துக் கணக்கில் வந்த வயதும் பிரஷரும் நீரிழிவும் அப்படியே இருக்கின்றன. துடிப்பு உணராமலே இடையிடையே குழம்பலாம். அஃபர்ம் ஆய்வில் (2002) பாரிசவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர், வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐஎன்ஆர் போதாதவர்கள். இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே பதில் சொல்லிவைப்பது நல்லது.

உணவில் என்ன செய்தோம்

உறைதல் பிரச்சினைக்கு மருந்து காவல் என்றானதும், உணவுக்கு அதற்குரிய இடத்தைக் கொடுக்க முடிந்தது. இலைக்கஞ்சி திரும்பியது, ரீச்சரின் முகமும் தெளிந்தது. எடை குறைப்பதே பெரிய வேலை. எடை கூடியவர்களைப் பின்தொடர்ந்த லெகசி ஆய்வு (2015, அடிலெய்ட்), உடல் எடையில் பத்து வீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் துடிப்புக் குழப்பமின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று கண்டது. இரவில் பத்து இடியப்பம் ஐந்தாகியது, சொதி குறைந்து காய்கறி கூடியது. மத்தியானச் சோறு ஒரு கோப்பையாகியது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் கிழமைக்கு ஒருநாள். விடியற்காலை மரைன் டிரைவில் நடை, முதலில் பத்து நிமிடம். ஆண்டு முடிவில் எடை 66.5 கிலோ, பிரஷர் 128/78.

கோப்பியை யாரோ நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவருக்குக் கோப்பியால் படபடப்பு கூடியதில்லை என்பதால் காலையில் ஒரு கோப்பை குடிக்கலாம் என்றேன். மின்னதிர்ச்சி சிகிச்சைக்குப் பின் 200 பேரைப் பார்த்து 2025இல் வெளியான ஆய்வில், கோப்பி குடித்தவர்களில் 47 வீதமானோருக்கும் விட்டவர்களில் 64 வீதமானோருக்கும் நோய் திரும்பியது.

குறட்டை பலமாக இருந்தது. உறக்க மூச்சுத்தடைச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை.

பின்னர் நடந்தவை

ஜூலையில் காய்ச்சல் வந்தது, துடிப்பும் ஒரு நாள் குழம்பித் தானே சரியானது. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. டெங்குவில் இரத்தத் தட்டுகள் விழும்போது உறைதடுப்பு மருந்து கசிவை மோசமாக்கும். முதல் நாளே இரத்தப் பரிசோதனை செய்தோம், டெங்கு இல்லை. கந்தசஷ்டி சிரமமின்றி முடிந்தது. டிசம்பரில் ஈசிஜி ஒழுங்காக இருந்தது, மாடிப்படி ஏறுகிறார், கசிவு எதுவும் இல்லை. நோய் அடிக்கடி திரும்பினால், துடிப்பைக் குழப்பும் திசுவைக் குழாய் மூலம் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையை யோசிக்கலாம் என்று நிபுணர் எழுதியிருக்கிறார்.

இனி மாற்றுபவை

வார்ஃபரின் தொடங்கும் நாளுக்கு முன்பே அலுமாரிப் பை மேசைக்கு வரவேண்டும், கீரைப் பழக்கத்தை வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு என்று கிளினிக் கொப்பியில் எழுதவேண்டும். நோயாளி சாப்பாட்டை மாற்றியதாகச் சொன்னால் ஏசக்கூடாது. ஏச்சுக்குப் பயந்து மறைத்த ஒரு கஞ்சிதான் தவறான கணக்குக்கு இட்டுச் சென்றது. வெளிநாட்டுப் பிள்ளைகளை முதல் உரையாடலிலேயே சேர்ப்பது, காய்ச்சல் என்றால் 'இரத்தம் உறையாத குளிசை எடுக்கிறேன்' என்று முதலில் சொல்லப் பழக்குவது, இரண்டையும் வழக்கமாக்கியிருக்கிறோம்.

இன்னொன்று, எடை குறைவதோடு சேர்ந்து வரும் கேள்வி. வயது 80ஓ அதற்கு மேலோ, எடை 60 கிலோவோ அதற்குக் குறைவோ, கிரியாட்டினின் 133 மைக்ரோமோலோ அதற்கு மேலோ: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே அபிக்ஸபானை 2.5 மில்லிகிராமாகக் குறைக்கவேண்டும். ரீச்சர் 60 கிலோவுக்கு வந்தாலும் அது ஒன்றைக் கண்டு அளவைக் குறைத்துவிடக்கூடாது என்று அவருடைய கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி, சிறுநீரகச் சோதனைக்கு ஆண்டுதோறும் ஜனவரியைக் குறித்திருக்கிறோம்.